நனைந்த கைப்பேசியும் அரிசிப் பானையும்



பினாங்கு மக்களுக்குத் தண்ணீர் புதிதன்று. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவு நம்முடையது. தைப்பூசத்தில் நாம் காவடியோடு ஏறும் மலைக்கே தண்ணீர்மலை என்றுதான் பெயர். ஆண்டின் பிற்பகுதியில், குறிப்பாகச் செப்டம்பர் முதல் நவம்பர் வரை, வானம் பொத்துக்கொண்டதுபோல் மழை கொட்டும். இப்படிப்பட்ட ஊரில் பெரியவர் முதல் சிறியவர் வரை எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஆகவே கைப்பேசி நனைவதில் வியப்பு ஒன்றுமில்லை. நனைந்த பிறகு நாம் செய்யும் காரியங்கள்தாம் வியப்பிற்குரியவை.

“அரிசிக்குள் புதைத்து வை, சரியாகிவிடும்.” இந்த அறிவுரையைக் கேளாதவர் இல்லை. நம் வீடுகளில் அரிசிக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் கைப்பேசிக்கு உண்மையில் கேடு விளைவிப்பது எது, அதைத் தடுக்க நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, அந்த நேரம் எப்படிக் கைநழுவுகிறது என்பவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பள்ளியிலும் மாணவர் இல்லங்களிலும் கண்டவற்றையும், படித்து அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

தண்ணீர்தான் குற்றவாளியா?

நம் பினாங்கிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கப்பெற்றது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் அங்குத்தான் அமைத்தது. நம் மாணவர்களின் தாய்மார் பலரும் பாட்டிமார் பலரும் அத்தகைய தொழிற்சாலைகளில் உருப்பெருக்கியின் முன் அமர்ந்து வேலை செய்தவர்கள். அவர்களைக் கேட்டால் ஒரு செய்தி சொல்வார்கள். சிலிக்கான் தகட்டைச் சிறு சிறு சில்லுகளாக அறுக்கும்போது, அறுக்கும் வாளின்மேல் தண்ணீர் இடைவிடாமல் பாய்ந்துகொண்டே இருக்கும். மின்சுற்றுப் பலகைகளைத் தண்ணீரால் கழுவித் தூய்மை செய்யும் முறையும் உண்டு. சில்லு பிறக்கும்போதே தண்ணீரில் குளித்துத்தான் பிறக்கிறது!

அப்படியானால் அதே சில்லு நம் வீட்டுக் குளியலறைத் தொட்டியில் விழுந்தால் மட்டும் ஏன் கெட்டுப்போகிறது? காரணங்கள் இரண்டு.

முதலாவது, தொழிற்சாலையில் பயன்படுவது உப்புகள் அனைத்தும் நீக்கப்பட்ட தூய நீர். தூய நீர் மின்சாரத்தை மிக மிக அரிதாகவே கடத்தும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் அதைக் கடத்தியாக மாற்றுகின்றன. கடல்நீரோ, முற்றிலும் தூய்மையான நீரைவிட ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்தும்.

இரண்டாவது, தொழிற்சாலையில் கழுவப்படும் பலகையில் மின்சாரம் ஓடுவதில்லை. நம் கைப்பேசியிலோ மின்கலம் எப்போதும் உள்ளேயே இருக்கிறது. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.7 முதல் 4.2 வோல்ட் வரை. நீரைப் பிரித்து ஆக்சிசனாகவும் ஐதரசனாகவும் ஆக்க 1.23 வோல்ட் போதுமானது. ஆகவே உப்புக் கலந்த நீர் உள்ளே புகுந்ததும், கைப்பேசிக்குள் ஒரு சிறிய மின்பகுப்புக் கலம் தானே உருவாகிவிடுகிறது. நேர்மின் பகுதியில் உள்ள செம்பு கரைகிறது. கரைந்த செம்பு எதிர்மின் பகுதியில் மரக்கிளைபோல் வளர்கிறது. பலகையில் இரு தடங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கிளை வளர்ந்து அடுத்த தடத்தைத் தொட்டவுடன் குறுக்குச்சுற்று ஏற்படுகிறது. பழுது பார்ப்பவர் திறந்து காட்டும்போது பலகையில் பச்சை நிறத்தில் பூத்திருப்பது இந்த அரிப்பின் எச்சமே.

அறிவியல் ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது உப்புக் கரைத்த நீர். அதில் இரு செம்புக் கம்பிகள், ஒன்றையொன்று தொடாதவாறு. அவற்றை 9 வோல்ட் மின்கலத்துடன் இணைத்துச் சில நிமிடம் பொறுத்தால் குமிழிகள் எழும், நீர் கலங்கும், ஒரு கம்பி அரிக்கப்படும். இணைப்பைத் துண்டித்த கணமே குமிழிகள் நின்றுவிடும். காற்றோட்டமான இடத்தில், ஆசிரியரே செய்து காட்ட வேண்டிய சோதனை இது. மின்கலத்தைத் தவிர வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

குமிழி நின்ற அந்தக் கணத்தைத்தான் மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நீர் அங்கேயே இருக்கிறது. ஆனால் மின்சாரம் நின்றதும் அழிவின் வேகம் அடங்கிவிட்டது. நனைந்த கைப்பேசியை உடனே அணைக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

அரிசி என்ன செய்யும்?

அரிசி ஈரத்தை இழுக்கும் என்பது பொய்யன்று. ஆனால் எவ்வளவு இழுக்கும், எங்கிருந்து இழுக்கும் என்பதே கேள்வி. நம் வீட்டுப் பானையில் உள்ள அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் இருக்கிறது. பினாங்கின் காற்றோ எப்போதும் ஈரம் மிக்கது. அந்தக் காற்றோடு ஒத்துப்போய்விட்ட அரிசி, மூடிய கைப்பேசியின் உள்ளறைகளில் தங்கிய நீரை எட்டி இழுக்கும் வல்லமை உடையதன்று. திறந்த இடத்தில் காற்றாடியின் முன் வைத்தாலே நீர் நன்றாக உலரும்.

பயனில்லை என்பதோடு நின்றாலும் பரவாயில்லை, கேடும் உண்டு. அரிசித் தூளும் மாவும் மின்னேற்றும் துளைக்குள் புகுந்து, ஈரத்தோடு சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். ஐபோனை அரிசிப் பையில் இட வேண்டா, அரிசித் துகள்கள் அதனைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ஆம் ஆண்டில் தன் உதவிப் பக்கத்தில் எச்சரித்தது.

இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு. அரிசிக்குள் வைத்தவுடன் ‘செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்’ என்ற நிறைவு நமக்கு வந்துவிடுகிறது. கைப்பேசி அணைக்கப்பட்டதா என்று கூடப் பார்ப்பதில்லை. பானைக்குள் மின்சாரமும் நீரும் தம் வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும். மறுநாள் எடுத்து இயக்கிப் பார்ப்போம். இயங்கினால் அரிசிக்குப் புகழ். இயங்காவிட்டால் கைப்பேசிக்கு விதி. உண்மையில் இரண்டிலும் அரிசிக்குப் பங்கு மிகக் குறைவு.

முதல் ஐந்து நிமிடம்

கைப்பேசி நனைந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறேன்.

1. மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது நனைந்தால், கைப்பேசியைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் உள்ள விசையை அணையுங்கள். விசையோ தரையோ நனைந்திருந்தால் முதன்மை விசையையே அணைக்க வேண்டும். கைப்பேசியை விட உயிர் பெரிது.

2. நீரிலிருந்து எடுத்தவுடன் அணையுங்கள். “இயங்குகிறதா?” என்று தொட்டுப் பார்ப்பதும், ஒருவருக்கு அழைத்துப் பார்ப்பதும், படம் பிடித்துப் பார்ப்பதும் வேண்டா. ஏற்கெனவே அணைந்திருந்தால் மீண்டும் இயக்காதீர்கள்.

3. உறையைக் கழற்றுங்கள். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் அவை இருக்கும் தட்டோடு வெளியே எடுங்கள். மின்கலத்தைக் கழற்றும் வகைப் பழைய கைப்பேசியாயின் அதையும் கழற்றிவிடுங்கள். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 போன்றவற்றில் இது நொடிப் பொழுது வேலை. இன்றைய திறன்பேசிகளில் மின்கலம் உள்ளே ஒட்டப்பட்டிருப்பதால் அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அதனால்தான் உடனே அணைப்பது முன்னைவிட இன்றியமையாததாகிவிட்டது.

4. மென்மையான துணியால் துடையுங்கள். மின்னேற்றும் துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். வேகமாக உதறினால் நீர் இன்னும் ஆழமாகச் செல்லும். துளைக்குள் பஞ்சையோ குச்சியையோ விடவும் கூடாது.

5. காற்றாடியின் முன், நிழலில் வையுங்கள். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா மணிப் பொட்டலங்கள் இருந்தால் உடன் வைக்கலாம். முடி உலர்த்தியின் சூடான காற்று, அடுப்பு, நண்பகல் வெயில் ஆகிய மூன்றும் ஆகா. சூடு மின்கலத்தையும், நீரைத் தடுக்கும் பசையையும் கெடுத்துவிடும்.

6. மின்னேற்றியைச் செருகவே கூடாது. முழுவதும் மூழ்கியதாயின் குறைந்தது ஒன்றிரண்டு நாள் பொறுங்கள். சில திறன்பேசிகள் துளையில் ஈரம் இருப்பதைக் கண்டு எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணிக்காதீர்கள்.

7. மின்கலம் வீங்கியிருந்தாலோ, கைப்பேசி தானே சூடானாலோ, இனிப்பான வேதிவாடை வீசினாலோ, உலர்த்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். எரியக்கூடிய பொருள்கள் இல்லாத சிமிட்டித் தரையில் வைத்து, பிள்ளைகளை விலக்கி, பழுது பார்ப்பவரை நாடுங்கள். குத்துவதும் அழுத்துவதும் தீ விபத்தில் முடியும். கெட்ட மின்கலத்தை வீட்டுக் குப்பையோடு போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

எந்தத் தண்ணீர்?

எல்லா நீரும் ஒன்றன்று. மழைநீர் ஒப்பளவில் தூயது. உடனே அணைத்து உலர்த்தினால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. கடல்நீரின் ஒரு லிட்டரில் சராசரியாக 35 கிராம் உப்பு உண்டு. பத்து பெரிங்கியிலோ தஞ்சோங் பூங்காவிலோ கடலில் விழுந்த கைப்பேசியை அப்படியே உலர்த்தினால், நீர் போய் உப்பு மட்டும் உள்ளே தங்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை மீண்டும் மீண்டும் ஈர்த்து, வாரக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். “மூன்று வாரம் நன்றாகத்தான் வேலை செய்தது, திடீரென்று செத்துவிட்டது” என்று சிலர் சொல்வதன் காரணம் இதுதான்.

தே தாரிக், குளிர்பானம் ஆகியவையும் அப்படியே. உலர்ந்த பின் சர்க்கரையும் பாலும் பசையாகப் படிந்துவிடும். தைப்பூச நாளில் வெள்ளி இரதத்தின் முன் ஆயிரக்கணக்கில் தேங்காய்கள் உடைபடும்போது தெறிக்கும் இளநீரிலும் சர்க்கரையும் உப்புச்சத்தும் உண்டு. படம் பிடிக்க முன்வரிசையில் நிற்போர் நினைவிற்கொள்க!

இத்தகைய நீர் பட்டால் செய்ய வேண்டியது பலருக்கு வியப்பளிக்கும். நீர் தாங்கும் தரம் பெற்ற கைப்பேசியாயின், அணைத்துவிட்டு, நனைந்த பகுதியைக் குழாய்நீரால் மெல்ல அலச வேண்டும். தரம் பெறாத கைப்பேசியை நாமே கழுவ முற்படாமல், அணைத்த நிலையில் அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அவர் பலகையை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்ககால் கொண்டு கழுவி, உப்பையும் சர்க்கரையையும் நீக்குவார். கைப்பேசியைக் காப்பது உலர்த்துவது மட்டுமன்று. உள்ளே தங்கியதைக் கழுவி நீக்குவதும் ஆகும்.

வெள்ளநீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தொடங்கி மறுநாள் வரை பெய்த பெருமழையைப் பினாங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அந்த இரவில் கைப்பேசி உறவினரை அழைக்கவும் உதவி கேட்கவும் பயன்பட்ட உயிர்க்கயிறு. நீர் வீட்டிற்குள் ஏறும்போது முதலில் நாம் எடுப்பது அடையாள அட்டையும் பள்ளிச் சான்றிதழ்களும். அவற்றோடு கைப்பேசியையும் இறுக மூடும் நெகிழிப் பையில் போட்டுவிட வேண்டும். பைக்குள் இருந்தபடியே தொடுதிரையை இயக்கலாம். கைப்பேசி செயலிழந்தாலும் கலங்காதிருக்க, பெற்றோரின் எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லப் பழக வேண்டும். வாய்ப்பாடு படிக்கும் வயதில் ஓர் எண்ணை மனனம் செய்வது கடினமன்று.

‘நீர் புகாது’ என்ற விளம்பரம்

“எங்கள் கைப்பேசி தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது” என்று சொல்லும் மாணவர்கள் உளர். விளம்பரம் அவர்களுக்கு அப்படிக் கற்றுத் தந்திருக்கிறது. ஐபி 67 என்னும் தரத்தில் முதல் எண் தூசியைக் குறிக்கும், இரண்டாவது எண் நீரைக் குறிக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதே 7-இன் பொருள். ஐபி 68 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. ஆழமும் நேரமும் தயாரிப்பாளர் குறிப்பிடுவதைப் பொறுத்தவை. இவை ஆய்வகத்தில், புதிய கைப்பேசியைக் கொண்டு, நன்னீரில் செய்யும் சோதனைகள். கடல்நீருக்கோ சவர்க்கார நீருக்கோ வெந்நீர் ஆவிக்கோ அவை உறுதி அளிப்பன அல்ல. ஒருமுறை கீழே விழுந்து விளிம்பு நெளிந்தாலும், ஆண்டுகள் கடந்து பசை தளர்ந்தாலும், அந்தத் தரம் குறைந்துபோகும்.

இதன் பொருட்டு நீதிமன்றப் படிகளும் ஏறப்பட்டுள்ளன. கடலிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்தலாம் என்று தோன்றும்படி 2016 முதல் 2018 வரை விளம்பரம் செய்ததற்காக, சாம்சங் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டில் 14 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதித்தது. ஈரத்தோடு மின்னேற்றினால் துளை அரிக்கப்படலாம் என்பதை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம், ஐபோனின் நீர் தாங்கும் தன்மையைப் பற்றிய விளம்பரங்களுக்காக ஆப்பிள் நிறுவனத்திற்கு 10 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. விளம்பரத்தில் நீர் தாங்கும் என்றும், உத்தரவாதத்தில் நீரால் ஏற்படும் பழுதிற்குப் பொறுப்பில்லை என்றும் கூறுவது எப்படி என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நம் உத்தரவாதச் சீட்டையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பல கைப்பேசிகளில் சிம் தட்டு நுழையும் துளைக்குள் ஒரு சிறு வெள்ளை ஒட்டு இருக்கும். நீர் பட்டால் அது சிவப்பாக மாறும். அதைக் கண்டாலே இலவசப் பழுதுபார்ப்பு மறுக்கப்படலாம். மாணவர்களுக்கு விளம்பர வாசகத்தையும் உத்தரவாத வாசகத்தையும் அருகருகே வைத்து வாசிக்கச் செய்தால், கருத்துணர்தல் பாடத்திற்கு அதைவிட நல்ல பனுவல் கிடைக்காது.

பிள்ளை ஏன் மறைக்கிறது?

இதுவரை கூறியவை அனைத்தும் ஓர் அடிப்படையில் நிற்கின்றன. கைப்பேசி நனைந்தது பெரியவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். பல வீடுகளில் அது தெரிவதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பிற்கு வந்தபின், வீட்டின் ஒரே கைப்பேசி வகுப்பறையாகவும் மாறியது. அவ்வாண்டு கல்வி அமைச்சு நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. கருவி உள்ளவர்களிலும் பலர் ஒரே திறன்பேசியை உடன்பிறந்தாரோடு பங்கிட்டுக் கொண்டவர்கள்.

2021-இல், இல்லிருப்புக் கற்றல் காலத்தில், ஆண்டு 4 மாணவன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள் வகுப்பிற்கு வரவில்லை. அவன் தந்தை பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் இரவு வேலை பார்ப்பவர். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் தாயின் கைப்பேசி ஒன்றே. அண்டை வீட்டார் வழியாகத் தாயிடம் பேசியபோதுதான் செய்தி தெரிந்தது. குளியலறைத் தொட்டியில் கைப்பேசி விழுந்திருக்கிறது. பையன் யாரிடமும் சொல்லவில்லை. துண்டால் துடைத்திருக்கிறான். ஏதோ காணொளியில் பார்த்தபடி அரிசிப் பானைக்குள் சிறிது நேரம் வைத்திருக்கிறான். இரவு எல்லாரும் உறங்கிய பின், தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றியைச் செருகியிருக்கிறான். நள்ளிரவில் ஏதோ தீய்ந்த வாடை வரவே தாய் விழித்து விசையை அணைத்திருக்கிறார். கைப்பேசியின் முதுகு வீங்கியிருந்தது. தீ பற்றாதது அந்தக் குடும்பம் செய்த புண்ணியம்.

பிறகு அவனிடம் பேசினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் சொன்ன விடை இதுதான்: “அம்மா ஏசுவாங்கன்னு பயமா இருந்துச்சு டீச்சர்.”

அந்தத் தாய் கொடுமைக்காரர் அல்லர். பல நூறு ரிங்கிட் கொடுத்து, தவணையில் வாங்கிய பொருள் அது. கீழே வைக்காதே, ஓடும்போது பிடிக்காதே, உடைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று நாம் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். பிள்ளையின் காதில் அது வேறு பொருளில் விழுகிறது. ‘கெட்டுப்போனால் சொல்லாதே’ என்று விழுகிறது. அச்சத்தால் ஒளிக்கும் பிள்ளை, செய்யக்கூடாத மூன்றையும் செய்யும். அணைக்காமல் வைத்திருக்கும். அவசரமாக இயக்கிப் பார்க்கும். யாரும் காணாதபோது மின்னேற்றும். கைப்பேசியைக் காக்கும் முதல் ஐந்து நிமிடம் இப்படித்தான் கைநழுவுகிறது. கைப்பேசியோடு பிள்ளையின் உயிரும் ஊசலாடுகிறது.

கருவி போனால் வாங்கலாம்

அந்தக் கைப்பேசியோடு வேறொன்றும் போயிற்று. தாயின் தந்தை, ஒரு காலத்தில் நம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், முந்தைய ஆண்டு மறைந்துவிட்டார். அவர் பேத்திக்கும் பேரன்களுக்கும் அனுப்பிய குரல் பதிவுகள் அதில் இருந்தன. சோறு உண்டாயா, பாடம் படித்தாயா என்ற அளவிலான பேச்சுகள்தாம். அவற்றுக்கு வேறு படி எங்கும் இல்லை.

முன்பெல்லாம் கைப்பேசி கெட்டாலும் நினைவக அட்டையைக் கழற்றிப் படங்களை மீட்டுவிடலாம். இன்றைய திறன்பேசிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ளவை மறைக்குறியாக்கம் செய்யப்பட்டவை. திறவுகோல் அதே பலகையில் உள்ள சில்லுக்குள் இருக்கிறது. ஆகவே பலகைக்கு ஒருமுறையேனும் உயிர் வந்தால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது “கைப்பேசி வேண்டுமா, உள்ளே இருப்பவை வேண்டுமா?” என்று அவர் கேட்டால், எது வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே இருப்பவைதாம் வேண்டும் என்றால், கைப்பேசி உயிர்பெற்றவுடன் முதல் வேலையாக அவற்றைப் படியெடுக்க வேண்டும். நனைந்து பிழைத்த கைப்பேசி எத்தனை நாள் உழைக்கும் என்று யாராலும் உறுதி கூற இயலாது.

நனைவதற்கு முன்பே படியெடுத்து வைப்பது அதைவிட எளிது. படங்களையும் புலனக் குரல் பதிவுகளையும் மேகச் சேமிப்பிலோ கணினியிலோ மாதம் ஒருமுறை சேமித்து வையுங்கள். ஆசிரியர்கள் மாணவர் வருகைப் பதிவையும் மதிப்பெண் பட்டியலையும் கைப்பேசிப் படமாக மட்டும் வைத்திருத்தல் நன்றன்று. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்துப் படியெடுத்துக் காத்த இனம் நம்முடையது. படியெடுக்கப்படாத சுவடிகள் என்னவாயின என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உணவு வேளையில், கைப்பேசி நன்றாக இருக்கும்போதே, பிள்ளையிடம் இதைச் சொல்லிவையுங்கள்: “தண்ணீரில் விழுந்தால் உடனே அணை. உடனே என்னிடம் சொல். நான் ஏச மாட்டேன்.” மூன்றாவதாகச் சொன்னதை நீங்கள் காப்பாற்றினால்தான் முதல் இரண்டையும் பிள்ளை காப்பாற்றும்.

அரிசி பானையிலேயே இருக்கட்டும், சோற்றுக்கு ஆகும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை